பார்சல் மேல் எழுதும் பொய் விலை

டொரன்டோவில் இருக்கும் வாடிக்கையாளர் என்றால் வேண்டுகோள் இப்படி வரும்: "அண்ணை, பெறுமதியைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டு விடுங்கோ. கிஃப்ட் எண்டு எழுதினாலும் சரி." சிங்கப்பூரில் இருப்பவர் என்றால், "அண்ணே, வேல்யூவை மட்டும் கம்மியாப் போட்ருங்க." மரச்சாமானோ சேலையோ தேங்காயெண்ணெயோ, இணையம் வழியாக வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கு இது பழகிப்போன வேண்டுகோள். கேட்பவர் அதைத் தப்பாக நினைத்துக் கேட்பதில்லை. வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதே என்று விற்பவரும் 160 டாலர் பொருளுக்கு 18 டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தக் கையெழுத்தோடு ஆபத்து முழுவதும் அவர் தலையில் வந்து விழுந்துவிடுகிறது என்பதுதான் நம் சிறு வியாபாரிகள் பலருக்கு உறைக்காத செய்தி.

மாயாபந்தரை எடுத்துக்கொள்வோம். வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகர். தமிழர், வங்காளி, ராஞ்சிக்காரர் என்று கலந்து வாழும் கடலோர ஊர். பக்கத்தில் வெபி கிராமம். 1925-இல் ஆங்கிலேயர் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய கரேன் மக்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். கரேன்களின் மஸ்லி அரிசிக்கும் அந்தமான் படாக் மர வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கம்பி வழியாக இணையம் வந்து சேர்ந்தபிறகு, ஒரு படத்தை ஏற்றுவதற்கே பொறுமை வேண்டியிருந்த தீவுகளிலிருந்தும் உலகத்துக்குக் கடை விரிக்க முடிகிறது.

இணையம் போகும் வேகத்தில் பார்சல் போகாது. மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேர், அதாவது 2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம், சாலை வழியே சுமார் 240 கி.மீ. ஜாரவா காப்புக்காட்டைக் குறித்த நேரத்தில் புறப்படும் வாகன வரிசையோடு சேர்ந்துதான் கடக்க முடியும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியையே படகில் ஏற்றிக் கடல்கழியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விமானம், சென்னை அல்லது கொல்கத்தா, அங்கிருந்து வெளிநாடு. வரைபடத்தில் மியான்மர் நமக்குச் சென்னையைவிடப் பக்கம் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்துக்குத்தான் உதவும். இத்தனை கை மாறிப் போகிற ஒரு பெட்டியின் மேல் விற்பவர் என்ன விலை எழுதினார் என்பது சாதாரண விஷயமாக இருக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படாக் மரத்தில் கடைந்த கிண்ணங்கள், விலை 160 கனடிய டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து அஞ்சலில் வரும் பொருள் 20 டாலருக்குள் இருந்தால்தான் கனடாவில் வரி கிடையாது. உண்மை விலையை எழுதினால், ஒன்டாரியோவில் இருப்பவர் 13 சதவீத விற்பனை வரியாக 20 டாலர் 80 சென்ட் கட்ட வேண்டும். கனடா அஞ்சல் துறை தன் பங்குக்கு 9 டாலர் 95 சென்ட் கையாளும் கட்டணம் வாங்கும். சுங்க வரி விழுந்தால் அது தனி. ஆக, முப்பது டாலர் சொச்சம். இதை மிச்சம் பிடிக்கத்தான் 18 டாலர் என்று எழுதச் சொல்கிறார். மிச்சம் முழுக்க அவருக்கு. விற்பவருக்கு அதில் பத்துக் காசுகூட வராது.

சரி, பெட்டி வழியில் காணாமல் போகிறது. மழை பிடித்த தீவில், நாலு இடத்தில் ஏற்றி இறக்கும் பயணத்தில், இது நடக்காத காரியமில்லை. இழப்பீடு கேட்டுப் போனால் முதலில் எடுத்துப் பார்ப்பது சுங்கப் படிவத்தைத்தான். அதில் 18 டாலர் இருக்கிறது. 160 டாலருக்குக் காப்பீடு செய்து 18 டாலர் என்று அறிவித்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று காகிதமே சாட்சி சொல்லிவிடும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி காப்பீட்டுத் தொகை பொருளின் உண்மை மதிப்பைத் தாண்டக் கூடாது. மோசடியாகத் தாண்டியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. டொரன்டோ வாடிக்கையாளர் மட்டும் தன் 160 டாலரை முழுதாகத் திருப்பிக் கேட்பார். விற்பனைத் தளம் அவர் பக்கம்தான் நிற்கும், ஏனென்றால் அவர் கட்டியது 160.

பெட்டி போய்ச் சேர்ந்தாலும் வம்பு ஓயாது. இப்போதெல்லாம் பார்சலுக்கு முன்னால் அதன் தகவல் போய்விடுகிறது. அனுப்புபவர், பெறுபவர், பொருளின் வகை எண், விலை எல்லாம் மின்னணு வடிவில் முன்கூட்டியே வர வேண்டும் என்று அமெரிக்கா 2018-இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சில் அஞ்சல் பார்சல்களிலிருந்து தன் முறையைத் தொடங்கியது. அந்தப் பொருள் இணையத்தில் என்ன விலைக்குத் தொங்குகிறது என்று பார்க்கச் சுங்க அதிகாரிக்கு ஒரு கைப்பேசி போதும். சந்தேகம் வந்தால் பெட்டியை நிறுத்தி, பணம் கட்டிய ரசீதைக் காட்டு என்று வாங்குபவரைக் கேட்பார்கள். அப்போது அவர் விற்றவரைக் காப்பாற்றுவதற்காகத் தன் ரசீதை ஒளிக்கமாட்டார். "நான் கட்டினது 160, அவர் என்னத்தை எழுதினாரோ எனக்குத் தெரியாது" என்பார். படிவத்தின் கீழே கையெழுத்து விற்றவருடையது. மேலே சொன்னவை சரியானவை என்று உறுதி கூறியவரும் அவரே. பல நாள் கிடந்து, பெட்டி மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தால் அலைச்சலும் அவருக்கே. திரும்பி வரும் ஏற்றுமதிப் பொருளை நம் சுங்கச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இறக்குமதியாகத்தான் பார்க்கிறது. அன்று போனதும் இன்று வந்ததும் ஒரே பொருள்தான் என்று காட்டி விலக்குக் கேட்க வேண்டும். காட்ட வேண்டிய காகிதத்தில் ஒரு விலை, விலைப்பட்டியலில் இன்னொரு விலை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, பொய் சொல்லத் தேவையே இல்லாத நாடுகளுக்கும் பொய் சொல்லி அனுப்புகிறார்கள் என்பது. ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொதுவான பொருள்களுக்கு எல்லையில் சுங்க வரி கிடையாது. 2018 ஜூலையிலிருந்து அவற்றுக்கு 10 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் அதை வசூலிக்க வேண்டியது அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் விற்கும் நிறுவனங்களும் பெரிய விற்பனைத் தளங்களும். மாயாபந்தரிலிருந்து நேரடியாக விற்கிற ஒரு சிறு கைவினைஞர் உண்மை விலையை அப்படியே எழுதி மெல்போர்னுக்கு அனுப்பலாம். சிங்கப்பூரிலும் அஞ்சலில் வரும் பொருளுக்கு 400 சிங்கப்பூர் டாலர் வரை எல்லையில் வரியில்லை. 2023 முதல் பெரிய விற்பனையாளர்கள் விற்கும்போதே வசூலிக்கிறார்கள். "கம்மியாப் போட்ருங்க" என்கிற சிங்கப்பூர் அண்ணனுக்கும் பெரும்பாலும் இது தெரியாது. ஊரில் கேட்டுப் பழகிய வார்த்தை, வாயில் வந்துவிடுகிறது.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கதை இன்னொரு விதம். பிரிட்டனுக்கு 135 பவுண்டு வரையிலான பொருளை ஒரு விற்பனைத் தளம் வழியாக விற்றால், 2021-லிருந்து 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியை அந்தத் தளமே வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டிவிடுகிறது. ஐரோப்பாவில் 150 யூரோ வரை இதே ஏற்பாடு. உண்மை விலையின் மேல் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு பெட்டியின் மேல் 10 பவுண்டு என்று எழுதுவதால் யாருக்கும் ஒரு பென்னிகூட லாபமில்லை. கணக்கு இடிக்கிறதே என்று நிறுத்தி வைப்பதற்கு ஒரு காரணம் கொடுத்ததுதான் மிச்சம்.

அமெரிக்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-இலிருந்து 800 டாலருக்குட்பட்ட பார்சல் அங்கே வரியில்லாமல் நுழைந்தது. உலகம் முழுவதும் சிறு வியாபாரிகள் இந்தக் கதவை நம்பிக் கடை நடத்தினார்கள். 2015-இல் ஆண்டுக்கு 13 கோடியே சொச்சமாக இருந்த அந்த வகைப் பார்சல்கள், 2024-இல் 136 கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்ட் 29 அன்று கதவு எல்லா நாடுகளுக்கும் மூடப்பட்டது. நான்கு நாள் முன்பே, ஆகஸ்ட் 25 முதல், நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. யார் வரி வசூலிப்பது, எப்படி அங்கே கட்டுவது என்பதே தெளிவாகவில்லை. அக்டோபர் 15 அன்று சேவை மீண்டபோது ஏற்பாடு தலைகீழாகியிருந்தது. அறிவித்த விலையில் அப்போது 50 சதவீதத்தை, அனுப்புபவர் இங்கே கவுன்ட்டரிலேயே கட்டிவிட வேண்டியிருந்தது.

இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். அதுவரை விலையைக் குறைத்து எழுதினால் ஆதாயம் வாங்குபவருக்குப் போனது. முன்கூட்டி வரி கட்டும் முறையில் ஆதாயம் விற்பவர் பைக்கே வருகிறது. அந்த விகிதத்தில் 100 டாலர் பொருளை 20 என்று எழுதினால் 50 டாலருக்குப் பதில் 10 டாலர் கட்டினால் போதும் என்றிருந்தது. வாடிக்கையாளர் மனம் கோணாமல் இருக்க எழுதினேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சாக்கும் போயிற்று. வரி விகிதங்கள் மாறும், பேச்சுவார்த்தையில் ஏறும் இறங்கும். அறிவித்த விலையே வரிக்கு அடிப்படை என்ற முறை அப்படிச் சுலபத்தில் போகாது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கதவு ஏன் மூடியது? போதைப்பொருள் கடத்தல், வரி ஏய்ப்பு என்று அமெரிக்க அரசு காரணங்களை அடுக்கியது; சீனாவோடு நடக்கும் வர்த்தகச் சண்டையும் இருக்கிறது. ஆனால் ஐரோப்பா சொன்ன கணக்கு பொய் விலையை நேராகவே சுட்டியது. ஐரோப்பிய ஆணையம் 2023 மே மாதம் சுங்கச் சீர்திருத்தத்தை முன்வைத்தபோது, சிறு பார்சல்களில் 65 சதவீதம் வரை விலை குறைத்துக் காட்டப்பட்டவை என்றது. அதன் விளைவாக, 150 யூரோவுக்குட்பட்ட பார்சல்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கை எடுத்துவிட்டு, 2026 ஜூலை 1 முதல் பொருள் வகை ஒன்றுக்கு 3 யூரோ வசூலிப்பதென்று உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. பிரிட்டனே இதில் மாட்டியது. சீனாவிலிருந்து அடிமாட்டு விலை காட்டி வந்த துணிகளையும் காலணிகளையும் சரியாகச் சோதிக்காமல் விட்டதாக ஐரோப்பிய நீதிமன்றம் 2022 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் அந்தப் பழைய பாக்கிக்காகப் பிரிட்டன் இருநூறு கோடி பவுண்டுக்கு மேல் கட்ட நேர்ந்தது.

நம் நாடும் இதே அடியை வாங்கியதுதான். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புப் பொருளுக்கு வரி இல்லை என்று ஒரு சலுகை வைத்திருந்தோம். சீன இணையக் கடைகள் விற்ற சட்டைகளும் செருப்புகளும் 'அன்பளிப்பு' என்ற சீட்டோடு லட்சக்கணக்கில் வந்து இறங்கின. 2019 டிசம்பர் 12 அன்று ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, வரியில்லா அன்பளிப்பு இறக்குமதியையே அரசு நிறுத்திவிட்டது. துபாயிலிருந்து மகன் அம்மாவுக்கு உண்மையாகவே அனுப்பும் புடவைக்கும் அன்றிலிருந்து அந்தச் சலுகை இல்லை. பொய் எழுதியவன் சம்பாதித்தான், நிஜமான அன்பளிப்பு வரி கட்டுகிறது. வெளிநாடுகளில் இன்று நடப்பதும் இதுவே; அடைபடும் கதவில் கடைசியாகச் சிக்குவது மாயாபந்தர்க்காரர் போன்ற சிறியவர்கள்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். ஏற்றுமதியில் இந்தியச் சுங்கம் வழக்கமாகத் தேடுவது கூட்டிக் காட்டிய விலையை. ஊக்கத்தொகைக்காக அப்படிச் செய்பவர்கள் உண்டு. குறைத்துக் காட்டினால் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதனால்தான் பரவியிருக்கிறது. அது தவறு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 113-ஆம் பிரிவில், அறிவித்த மதிப்போடு பொருந்தாத ஏற்றுமதிச் சரக்கைப் பறிமுதல் செய்ய இடமிருக்கிறது. தெரிந்தே பொய்யான அறிவிப்பில் கையெழுத்திட்டால், 114ஏஏ பிரிவின்படி பொருள் மதிப்பின் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தன் பங்குக்கு ஏற்றுமதியின் முழு மதிப்பை உண்மையாக அறிவிக்கச் சொல்கிறது. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்காக யாரும் மாயாபந்தருக்குப் படகேறி வரமாட்டார்கள் என்பது நிஜம்தான். ஆனால் வங்கிக் கணக்கில் 160 டாலர் வரவு, அஞ்சல் ஏற்றுமதிச் சீட்டில் 18 டாலர் என்று ஓராண்டு முழுக்க நூறு பெட்டிக்குச் சேர்ந்திருந்தால்? என்றைக்கோ ஒருநாள் வருமானவரிக்காக, ஜி.எஸ்.டி.க்காக, கடனுக்காகக் கணக்கைத் திறக்கும்போது அந்த இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அஞ்சல் வழி ஏற்றுமதிக்கும் டிராபேக், ரோடெப் போன்ற, கட்டிய வரியைத் திருப்பித் தரும் சலுகைகளை 2026 ஜனவரி 15 முதல் அரசு விரித்திருக்கிறது. பெரும்பாலும் அவை அறிவித்த விலையின் விகிதத்தில்தான் கிடைக்கும். முத்ரா கடனுக்கோ வேறு கடனுக்கோ போனால் வங்கி மேலாளர் ஏற்றுமதிக் காகிதத்தைத்தான் கேட்பார். வருஷம் பத்து லட்சத்துக்கு வெளிநாட்டில் விற்றவர் காகிதத்தில் ஒரு லட்சத்துச் சொச்சக்காரராக நிற்பார். புவிசார் குறியீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் ஆவணம் சேர்த்து, இது எங்கும் கிடைக்காத பொருள் என்று நிரூபித்துவிட்டு, உலகச் சுங்கப் பதிவேடுகளில் அதையே 18 டாலர் சாமானாகப் பதிவு செய்வது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது.

அந்தமானுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே விலைப் பொய்யோடு பொருள் பொய்யும் சேர்ந்தே போகிறது. கடற்சிப்பிக் கம்மலை 'ஃபேன்ஸி ஐட்டம், 5 டாலர்' என்று எழுதுவார்கள். பவளங்களும் கடல் அட்டையும் பல வகைச் சங்கு, சிப்பிகளும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விலையில் சந்தேகப்பட்டுத் திறக்கப்படும் பெட்டிக்குள் அவற்றில் ஒன்று இருந்தால் பேச்சு வரியைப் பற்றி இருக்காது. வழக்கு, சிறை என்று போய்விடும். படாக் மரமும் செம்மரமும் ஒரே பேரினம், நிறத்திலும் உறவுக்காரர்கள். செம்மரம் உலகமே கண்காணிக்கிற சரக்கு. வனத்துறைக் காகிதமும் உண்மை விலைப்பட்டியலும் சேர்ந்திருந்தால்தான் இது அது இல்லை என்று சென்னையில் இருக்கும் அதிகாரிக்குப் புரியவைக்க முடியும். '18 டாலர், மரச்சாமான், கிஃப்ட்' என்று மொட்டையாக எழுதிய பெட்டி, கடத்தல்காரன் அனுப்பும் பெட்டியைப் போலவே இருக்கும்.

குற்றத்தை முழுக்கச் சிறு வியாபாரி மேல் போட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. உண்மையை எழுத நினைப்பவருக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். 2022-இலிருந்து அஞ்சல் துறை நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறது; வீட்டிலிருந்தே மின்னணு ஏற்றுமதிச் சீட்டை நிரப்பலாம். நல்ல திட்டம். ஆனால் அது எதிர்பார்ப்பது வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் தரும் ஏற்றுமதியாளர் எண், பொருளின் வகை எண், விலைப்பட்டியல் என்று எல்லாம் தெரிந்த ஒருவரை. மஸ்லி அரிசி விற்கிற வெபி கிராமத்து இளைஞருக்கு வகை எண்ணை யார் சொல்லித் தருவது? அவர் அனுப்ப நினைக்கும் நாட்டில் எவ்வளவுக்கு மேல் வரி, தாவர நலச் சான்று வேண்டுமா, உண்மை விலையை எழுதினால் அங்கே எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கு கவுன்ட்டரில் பதில் கிடைத்தால் பாதிப் பொய் அன்றைக்கே நின்றுபோகும். அந்தமான் அஞ்சல் கோட்டம் மேற்கு வங்க வட்டத்தின் கீழ் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து வரும் சுற்றறிக்கையை வங்காளி, தமிழ், இந்தி, கரேன் பேசும் ஊரில் அவரவர் மொழியில் ஒரு பலகையாக எழுதி வைப்பதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது. மாவட்ட நிர்வாகம், தொழில் மையம், புவிசார் குறியீட்டுக்காக ஓடியாடியவர்கள் எல்லாரும் இதில் கைகொடுக்க வேண்டும். குறியீடு வாங்கித் தந்ததோடு அவர்கள் வேலை தீரவில்லை.

விற்பவர்களும் ஒரு காரியம் செய்யலாம். பொருளின் விளம்பரத்திலேயே, 'உங்கள் நாட்டு வரி இதில் சேராது. சுங்கப் படிவத்தில் விற்ற விலையைத்தான் எழுதுவோம்' என்று முன்னதாகவே போட்டுவிட வேண்டும். பணம் வாங்கிய பிறகு வாட்ஸ்அப்பில் மறுப்பதைவிட அது சுலபம். அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் வாங்காமல் போனால் போகட்டும். அவர் பார்சல் தொலைந்த அன்று சண்டைக்கு வந்திருப்பார்.

கடைசியாக, கடல் தாண்டி வாழும் நம்மவர்களுக்கு. ஊர்ப் பொருள் வேண்டும், கைவினைஞர் பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் மாயாபந்தரிலிருந்து வாங்குகிறீர்கள். உங்கள் நாட்டில் முப்பது டாலர் வரி வரும் என்றால் அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கட்டுபடியானால் வாங்குங்கள், இல்லையென்றால் விலை பேசிக் குறைக்கச் சொல்லுங்கள். அது நேர்மையான பேரம். தயவுசெய்து விலையை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். மாட்டினால் அபராதமும் அலைச்சலும் அவருக்குத்தான்.